புள்ளி வைத்த வட்டம்

கொடிவழியில் காலிக் கட்டம் இருக்கக் கூடாது என்பது விதி. பதினோரு வருடமாக அந்த விதியை யாரும் கேள்வி கேட்டதில்லை. மணிமொழியும் கேட்டதில்லை.

சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில் இருந்த மரபணு மருத்துவமனையில் அவள் தலைமை வரைஞர். நோயாளியை எதிரில் உட்கார வைத்து அவருடைய குடும்பத்தைத் திரையில் வரைவதுதான் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவே குறுக்குக்கோடு, பிள்ளைகளுக்குக் கீழ்க்கோடு, இறந்தவர் மேல் சாய்வாக ஒரு வெட்டு. மூன்று தலைமுறை வரைந்து முடித்தால், நாட்டில் உள்ள மற்ற குடும்பங்களின் படங்களோடு கணினி அதைத் தானே கோத்துக்கொள்ளும். அப்படிக் கோத்துக் கோத்து வளர்ந்த மாபெரும் படத்துக்குத்தான் கொடிவழி என்று பெயர். 2047இல் வந்தது. அது வந்த பிறகு எத்தனையோ குழந்தைகள் பிழைத்தார்கள். மணிமொழி அந்த வேலைக்கு வந்ததே அந்தக் குழந்தைகளை நினைத்துத்தான்.

2058 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செவ்வந்தி வந்தாள். வயது முப்பது. மின்பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பணிமனைச் சட்டையோடே வந்திருந்தாள். மடித்துவிட்ட கையில் கிரீஸ் கறை. இடுப்பில் மகள் இனியா. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் வயது தாண்டிய பிள்ளை.

இனியாவின் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டு வந்தன. போன வருடம் ஓடினாள். இந்த வருடம் சுவரைப் பிடித்து நடந்தாள். அதை நிறுத்தத் திருத்த ஊசி என்று ஒன்று இருந்தது. ஒரே ஒரு தடவை போட்டால் போதும். ஆனால் ஏழு வயது நிறைவதற்குள் போட வேண்டும். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி இனியாவுக்கு ஏழு நிறைகிறது.

செவ்வந்தியின் கணவன் தங்கபாலுவின் பக்கத்தை மணிமொழி பத்தே நிமிடத்தில் வரைந்து முடித்தாள். பிறகு செவ்வந்தியின் பக்கம் வந்தாள்.

"உங்க அம்மா பேரு சொல்லுங்க."

"தெரியாதுங்க மேடம்."

"அப்பா?"

"அதுவும் தெரியாதுங்க. தருமபுரிப் பக்கம் ஒரு இல்லத்துல வளந்தேன். பொறந்த அன்னைக்கே தொட்டில்ல போட்டுட்டுப் போயிட்டாங்களாம். பேரு இல்லத்துல வெச்சது. அன்னைக்குச் சாமி படத்துக்குச் செவ்வந்திப் பூ போட்டிருந்தாங்களாம்." அதைச் செவ்வந்தி சாதாரணமாகச் சொன்னாள். பல தடவை, பல மேசைகளுக்கு முன்னால் சொல்லிப் பழகியவள்.

மணிமொழி ஒரு வட்டமும் ஒரு சதுரமும் போட்டு உள்ளே கேள்விக்குறி வைத்தாள். திரையின் ஓரம் சிவந்தது. முழுமையற்ற கொடிவழி, சிகிச்சைக்கு அனுமதி இல்லை என்று எழுத்துகள் வந்தன. அதன் கீழே ஒரு பொத்தான்: ஊகத் தேடல்.

செவ்வந்தி எட்டிப் பார்த்துப் படித்தாள். "புள்ளயோட ரத்தம், என் ரத்தம், எல்லாம் எழுத்து எழுத்தா படிச்சாச்சுன்னு டாக்டர் சொன்னாரே. அப்புறம் எங்கம்மா யாருன்னு எதுக்குங்க?"

"படிச்சாச்சு. ஆனா உங்ககிட்ட இருந்து பாப்பாவுக்கு ஒரு மரபணு எழுத்து போயிருக்கு. நாங்க இதுவரைக்கும் எங்கயும் பாக்காத எழுத்து. அது ஒண்ணும் பண்ணாத எழுத்தா இருக்கலாம். ஊசி மருந்து உள்ள போனதும் இதயத்தை நிறுத்தற எழுத்தாவும் இருக்கலாம். எழுத்தை மட்டும் வெச்சு அதைச் சொல்ல முடியாது. அதைச் சுமந்தவங்க எப்படி வாழ்ந்தாங்க, எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க, மயங்கி விழுந்தாங்களா, இதையெல்லாம் பாத்தாத்தான் அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியும்."

"நான் சுமக்கறேனே. எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"உங்களுக்கு முப்பது வயசு. சில எழுத்து அம்பதுக்கு மேலதான் தலை காட்டும்."

செவ்வந்தி பொத்தானைக் காட்டினாள். "இது என்னதுங்க?"

"உங்க தூரத்துச் சொந்தம் ரெண்டு மூணு பேரு எங்கயாவது ரத்தம் குடுத்திருப்பாங்க. அதை வெச்சு உங்க அம்மா யாருன்னு கணினி கண்டுபிடிச்சிரும்."

"அப்ப அழுத்துங்க."

மணிமொழியின் விரல் நகரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அதே பொத்தானை ஒருவனுக்காக அழுத்தியிருக்கிறாள். அதைச் செவ்வந்தியிடம் சொல்லாமல் மறுபடி அழுத்த அவளால் முடியவில்லை.

"சொல்லிடறேன், கேளுங்க. கட்டத்துல பேரு விழுந்ததும் அந்தப் பேரோட சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தகவல் போகும். அதுவும் விதி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆத்தூர்ல ஒரு அம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி, பத்தொன்பது வயசுல ஒரு பையனைப் பெத்திருக்காங்க. ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கறப்ப வீட்டுக்காரர் போன், மகளுங்க போன், கொழுந்தனார் போன், எல்லாம் ஒண்ணா அடிச்சிருக்கு. உங்கள் குடும்பத்தில் புதிய உறவு, மகன், வயது முப்பத்திநாலுன்னு. ஒரு வாரத்துல அவங்களை வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க."

"அந்தப் பையன்?"

"அவனுக்கு வைத்தியம் ஆச்சு. நல்லா இருக்கான்."

செவ்வந்தி மகளைப் பார்த்தாள். இனியா மேசை விளிம்பைப் பிடித்து நின்றபடி மணிமொழியின் பேனாக்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள நடக்கறதா, மூஞ்சி தெரியாத ஒருத்தி குடும்பம் நிக்கறதான்னு என்னையக் கேக்கறீங்க, இல்ல?" செவ்வந்தியின் குரல் உயரவில்லை. ஆனால் இறுகிப்போயிருந்தது. "இதை நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கவே வேண்டாம் மேடம். தெரியாமயே அழுத்தச் சொல்லியிருப்பேன்." அவள் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "நாளைக்கு இதே நேரத்துக்கு வர்றேன். அதுக்குள்ள வேற வழி இருந்தாப் பாருங்க. இல்லீன்னா அழுத்திருங்க."

அவள் போனதும் மணிமொழி நேராக மருத்துவமனைத் தலைவர் எட்வின் ராஜசேகரின் அறைக்குப் போனாள். எட்வின் நல்ல மருத்துவர், விதியை மீறாதவர். இரண்டுமாக இருப்பது அவருக்கு ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை.

"சார், நமக்கு வேண்டியது அந்தம்மா பேரா, உடம்பா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்லீங்க சார். அவங்களுக்கு நெஞ்சுவலி உண்டா, மயக்கம் உண்டா, அதுதான் வேணும். கணினி ஆளைக் கண்டுபிடிக்கட்டும். ஆனா நம்மகிட்டச் சொல்ல வேண்டாம். பேரை எழுதறதுக்குப் பதிலா அவங்ககிட்ட ஒரு கேள்வி கொண்டுபோய்க் குடுக்கட்டும். பதில் சொன்னாச் சொல்லட்டும்."

எட்வின் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பேரில்லாத பதிலை எப்படி நம்பறது? யார் வேணாலும் என்ன வேணாலும் எழுதலாமே."

"பக்கத்துச் சுகாதார நிலையத்துல ஒரு சொட்டு ரத்தம். பேருக்குப் பதிலா ஒரு எண். ரத்தம் செவ்வந்தியோட பொருந்துனா ஆளு சரி."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சென்னையில கொடிவழி ஆணையம் ஒத்துக்கணும். ஜூலை எட்டாம் தேதி உக்காருறாங்க. உங்களுக்கு நேரம் வாங்கித் தர்றேன். ஆனா என் கையெழுத்து இதுல இருக்காது மணிமொழி" என்றார்.

மறுநாள் செவ்வந்தி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். விரல் விட்டு நாட்களை எண்ணினாள். "ஜூலை எட்டு வரைக்கும் பொறுக்கறேன்" என்றாள். நன்றி சொல்லவில்லை. மணிமொழியும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஆணையத்தின் முன் காகிதங்களை மட்டும் வைத்தால் எடுபடாது என்று மணிமொழிக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆத்தூருக்குப் பேருந்து ஏறினாள். வீட்டை விட்டு அனுப்பப்பட்ட அந்த அம்மா, கமலவேணி, ஊருக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தாள். போனபோது ஆலைக் களம் முழுக்க ஜவ்வரிசி வெயிலில் பரந்து கிடந்தது. கண் கூசும் வெள்ளை. நடுவே தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், பலகையால் அதைத் தள்ளித் தள்ளிக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

மணிமொழி தன்னை யாரென்று சொன்னாள்.

"தெரியுதுங்க" என்றாள் கமலவேணி. பலகையை நிறுத்தவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல வந்து உக்காந்து, இதை எழுதுனது யாருன்னு கேட்டேன். கம்ப்யூட்டருன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேங்க. பொத்தானை அழுத்துனது நான்தான்."

பலகை நின்றது. கமலவேணி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மணிமொழி வந்த விஷயத்தைச் சொன்னாள்: ஒரு குழந்தை, ஆகஸ்ட் பத்தொன்பது, பெயர் கேட்காத ஒரு கேள்வி. சொல்லிவிட்டு, "வரமாட்டேன்னு சொன்னாலும் நியாயந்தான்" என்றாள்.

கமலவேணி காய்ந்த பக்கத்தையும் காயாத பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எத்தன மணிக்கு ரயிலு?" என்று கேட்டாள்.

ஜூலை எட்டாம் தேதி ஆணையத்தின் கூடத்தில் மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். நடுவே தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி நூர்ஜஹான். அவருக்கு வலப்பக்கம் தொழில்நுட்ப உறுப்பினர், இடப்பக்கம் ஒரு மருத்துவர். மணிமொழி சொல்லி முடித்ததும் தொழில்நுட்ப உறுப்பினர்தான் முதலில் பேசினார். கோபமாக அல்ல, கவலையாகவே பேசினார்.

"ஒரு கட்டத்துல பேர் வேண்டாம்னு விட்டா, நாளைக்கு ஆயிரம் பேர் வேண்டாம்பாங்க. ஓட்டை விழுந்த படத்தை வெச்சு யாருக்கு வைத்தியம் பாக்கறது? இந்தக் குழந்தை பிழைக்கும், அடுத்த குழந்தை சாகும். ஜனங்ககிட்ட விருப்பமான்னு கேட்டு நடக்கற விஷயமா இது? கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க."

"நான் சொல்லியிருப்பேனுங்க" என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது.

தலைவர் நிமிர்ந்து பார்த்து, முன்னால் வரச் சொன்னார். கமலவேணி முன்னால் வந்து, நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சக்கரை உண்டா, நெஞ்சுவலி உண்டான்னு கேட்டிருந்தா அத்தனையும் சொல்லியிருப்பேனுங்க. அந்தப் பையனுக்காக ரத்தம் வேணும்னாலும் குடுத்திருப்பேன். அந்த முப்பத்திநாலு வருஷத்துல அவனை நான் நெனைக்காத நாள் இல்லீங்க. என்னிக்காவது தைரியம் வந்தா, எம்புருசன்கிட்ட நானே சொல்லலாம்னுகூட இருந்தேன். என்னைய யாருமே கேக்கலீங்களே. எழுதி முடிச்சிட்டு, எனக்கு முன்னாடி ஊருக்குச் சொல்லிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தொழில்நுட்ப உறுப்பினர் தன் குறிப்புகளைப் புரட்டினார். ஆனால் எதையும் படிக்கவில்லை என்பது மணிமொழிக்குத் தெரிந்தது.

தலைவர் மணிமொழியிடம் திரும்பினார். "பேரில்லைன்னா கட்டத்துல என்ன போடுவீங்க? இப்பவும் கேள்விக்குறி போடறீங்களே."

மணிமொழி சுவர்த் திரைக்குப் போய் ஒரு வட்டம் போட்டாள். நடுவே ஒரு புள்ளி வைத்தாள்.

"கேள்விக்குறின்னா நமக்குத் தெரியாதுன்னு அர்த்தங்க. அந்தக் குறி நம்மளைப் பத்தித்தான் சொல்லுது, அவங்களைப் பத்தி இல்ல. புள்ளின்னா இங்க ஒரு ஆள் இருக்காங்க, அவங்க உடம்பைப் பத்தி நமக்குத் தெரியும், பேரு அவங்ககிட்ட இருக்குன்னு அர்த்தம்."

நூர்ஜஹான் அதைச் சற்று நேரம் பார்த்தார். "புள்ளி வெச்ச எழுத்து மெய்யெழுத்து. மெய்ன்னா உடம்பு" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல. பிறகு உத்தரவைச் சொன்னார். இந்தக் குழந்தைக்கு மட்டும், சோதனையாக, முப்பது நாள். கேள்வி அந்தப் பெண்ணுக்கு மட்டுமே காட்டப்பட வேண்டும். அவராகச் சொன்னால் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. ஆகஸ்ட் ஏழு வரை பதில் வராவிட்டால், பழைய முறையில் பெயரைத் தேடலாமா வேண்டாமா என்பதைக் குழந்தையின் தாயே முடிவு செய்யட்டும்.

திரும்பி வந்ததும் செவ்வந்தியும் மணிமொழியும் சேர்ந்து உட்கார்ந்து கேள்வியை எழுதினார்கள். நாற்பது வயது தாண்டிய எல்லாரும் மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்தில் தனித் தடுப்புக்குள் உட்கார்ந்து கைரேகை வைத்துத் தங்களைச் சோதித்துக்கொள்வது அப்போது வழக்கம். அந்தப் பெண் அடுத்த முறை அப்படி உட்காரும்போது அவர் கண்ணுக்கு மட்டும் கேள்வி தெரியும்.

"உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள்" என்று செவ்வந்தி சொல்ல, மணிமொழி எழுதினாள். "அவளுக்கு வைத்தியம் பார்க்க உங்கள் உடல்நலத்தைப் பற்றிச் சில விவரங்கள் வேண்டும். உங்கள் பெயர் வேண்டாம். ஊரும் வேண்டாம். கீழே ஓர் எண் இருக்கிறது. எந்தச் சுகாதார நிலையத்திலும் அந்த எண்ணைச் சொல்லிப் பதில் தரலாம்."

மணிமொழி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "'உங்களுக்கு விருப்பமில்லை என்றால் மூடிவிடுங்கள், யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள்.' இந்த வரியையும் சேக்கட்டுமா? எழுதிட்டா அப்புறம் நீங்க தேடச் சொல்ல முடியாது."

செவ்வந்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"அந்த வரி வேண்டாம் மேடம். என்னால சத்தியம் பண்ண முடியல. எழுதிட்டு மாறுனா அது பெரிய துரோகம்." பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்குக் கோவம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இதைச் சொல்லச் சொல்ல, கோவத்தைக் காணோம். பயந்தான் இருக்குது."

கேள்வி போனது. இரண்டு வாரம் அது யாரும் பார்க்காமல் கிடந்தது. ஜூலை இருபத்தைந்தாம் தேதி மதியம், மணிமொழியின் திரையில் செவ்வந்திக்கு மேலே இருந்த வட்டத்தின் ஓரம் ஒருமுறை மின்னியது. படித்தார் என்று காட்டியது. மணிமொழி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நான்கு நிமிடம் கழித்து, மூடினார் என்று காட்டியது. அதோடு சரி.

செவ்வந்திக்கு அதைப் போனில் சொன்னபோது, பணிமனையில் ஏதோ பேருந்தின் அடியில் படுத்திருந்தாள் போலிருக்கிறது. இரும்பு ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. "நாலு நிமிசம் படிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் இனியா சுவரைப் பிடித்து நடப்பதையும் விட்டுவிட்டாள்.

ஒன்பது நாள் எதுவும் இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பதில் வந்தது. ஒரு சொட்டு ரத்தம், பொருந்தியது. வயது நாற்பத்தொன்பது. சர்க்கரை இல்லை. மயக்கம் இல்லை. பிரசவம் மூன்று. அந்த எழுத்து அவரிடமும் இருந்தது; இனி அப்பா வழியைத் தேட வேண்டியதில்லை. கேள்விக்குறி அழிந்து வட்டத்துக்குள் புள்ளி விழுந்தது. கொடிவழியில் விழுந்த முதல் புள்ளி அதுதான்.

மணிமொழி எட்வினைக் கூட்டி வந்தாள். அவர் நின்றுகொண்டே படித்தார். முகத்தில் மலர்ச்சி வந்தது, வந்த வேகத்தில் போனது.

"ஒருத்தர் போதாது மணிமொழி. நாப்பத்தொம்பதுதான் ஆகுது. இன்னும் ரெண்டு மூணு பேராவது, இதைவிட வயசானவங்க, இதே எழுத்தோட இருந்தாத்தான் ஊசிக்கு அனுமதி கேக்க முடியும். அந்தம்மாவோட அம்மா, அக்கா தங்கச்சின்னு..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. பேரில்லாத ஒருவரின் உறவினரிடம் போய் யார் கேட்பது?

மணிமொழி அதைச் செவ்வந்திக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று பத்துக்கு, புள்ளி வைத்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் முளைத்தது. உள்ளே புள்ளி. உறவு: தங்கை. வயது நாற்பத்தாறு.

"சார்" என்றாள் மணிமொழி.

எட்வின் வாசலிலிருந்து திரும்பி வந்தார். அதற்குள் ஒரு சதுரம் வந்திருந்தது. அண்ணன், ஐம்பத்துமூன்று. பிறகு அவர்களுக்கு மேலே ஒரு வட்டம். அம்மா, எழுபத்துநான்கு. அதற்குப் பக்கவாட்டில் சித்தி. வேறொரு நிலையத்திலிருந்து அத்தை மகன். கணினி யாரையும் கேட்கவில்லை. கேள்வி போனது ஒரே ஒருவருக்கு. அந்த எண்ணைச் சொல்லி ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், ஒரு சொட்டு ரத்தம் வைத்துவிட்டுப் போனார்கள்.

"இந்த ஒம்பது நாளும் அவங்க சும்மா இருக்கல" என்றாள் மணிமொழி. "வீட்டுல சொல்லியிருக்காங்க. அவங்களே சொல்லியிருக்காங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். யாரோ கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, வெளியே காத்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பதினேழு புள்ளிகள். பதினேழு பேரில் ஒன்பது பேரிடம் அந்த எழுத்து இருந்தது; அவர்களில் ஒருவருக்கும் இதயக்கோளாறு இல்லை. கடைசியாக வந்தது எல்லாருக்கும் மேலே ஒரு வட்டம். செவ்வந்திக்குக் கொள்ளுப்பாட்டி முறை. வயது தொண்ணூற்றிரண்டு. எழுத்து உண்டு. இதயக்கோளாறு இல்லை. மற்ற குறிப்புகள் என்ற இடத்தில் நிலையத்து நர்ஸ் அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "ஒரு சொட்டு போதுமா, இன்னும் வேணும்னா எடுத்துக்கச் சொல்லு."

எட்வின் சிரித்துவிட்டார். மணிமொழி அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து அனுமதிக் கடிதத்தைத் தட்டெழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். சிவந்திருந்த திரை பச்சைக்கு மாறியது.

செவ்வந்தியிடம் போனில் சொல்ல மனம் வராமல் மணிமொழி பணிமனைக்கே போனாள். பேருந்தின் அடியிலிருந்து வெளியே வந்த செவ்வந்தி அந்தப் படத்தைக் கையில் வாங்கினாள். தனக்கு மேலே எப்போதும் வெறுமையாக இருந்த இடத்தில் பதினேழு பேர் நின்றிருந்தார்கள். அவள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனாள். கிரீஸ் விரல் பட்ட இடமெல்லாம் கறையானது.

"இத்தன பேரா?" என்றாள். பிறகு பேருந்துச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கூட வேலை செய்தவர்கள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். அவள் அழுகையோடே படத்தைத் தூக்கி அவர்களுக்குக் காட்டினாள்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி இனியாவுக்கு ஊசி போட்டார்கள். இதயம் ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. தீபாவளிக்குள் சுவரை விட்டு நடந்தாள். பொங்கலுக்கு மறுநாள் பள்ளி மைதானத்தில் ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தாள். கடைசியாக வந்த பிள்ளைக்கு மைதானமே கைதட்டியது.

ஜனவரி கடைசியில் ஆணையம் புள்ளியை நிலையான குறியாக்கியது. உறவினர் எல்லாருக்கும் தகவல் அனுப்பும் விதி நீக்கப்பட்டது. காலிக் கட்டத்தால் திருப்பி அனுப்பப்பட்ட பழைய விண்ணப்பங்கள் எல்லாம் மறுபடி திறக்கப்பட்டன. முதல் வாரத்திலேயே, யாரும் கேட்காமல், எப்போதோ எங்கோ ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்த அம்மாக்களும் அப்பாக்களும் தாங்களாகவே சுகாதார நிலையங்களுக்கு வந்து தங்கள் உடல் விவரங்களைத் தந்துவிட்டுப் போனார்கள். கமலவேணியின் பெயரையும் எடுத்துவிட்டுப் புள்ளி வைக்கலாம் என்று மணிமொழி அவளுக்குச் சொன்னாள். "இருக்கட்டும் விடுங்க. இப்ப அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றான். எம்பேரு இருந்தாத்தான் வீடு கண்டுபிடிக்க முடியும்" என்றாள் கமலவேணி. சிரித்ததா, செருமியதா என்று போனில் தெரியவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் செவ்வந்தி வந்தாள். பணிமனைச் சட்டை இல்லை. பச்சைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லெட்டர் வந்துச்சுங்க மேடம். அந்த எண்ணு வழியாவே. பாக்கலாமான்னு கேட்டு எழுதியிருந்தாங்க. நேத்துப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"எப்படி இருந்தாங்க?"

"என்னைய மாதிரியே வேகமாப் பேசறாங்க. ஊட்டி விட்டாங்க. முப்பது வயசு பொம்பளைக்கு ஊட்டி விடறாங்களேன்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவங்களுக்கும் வந்துருச்சு." செவ்வந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்ன நடந்துச்சுன்னு சொன்னாங்க. அது என்னோடயே இருக்கட்டுங்க மேடம்."

மணிமொழி தலையசைத்தாள். செவ்வந்தியின் கொடிவழியைத் திரையில் திறந்தாள். அவளுக்கு மேலே இருந்த வட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள்.

"அவங்க சம்மதிச்சா இப்ப பேரு போட்டுரலாம். புள்ளியை எடுத்துரட்டுமா?"

"அவங்க சம்மதிச்சுட்டாங்க. போட்டுக்கச் சொன்னாங்க." செவ்வந்தி திரையைப் பார்த்தாள். "வேண்டாங்க மேடம். புள்ளியே இருக்கட்டும். அம்மா பேரு எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எதுக்கு?"

மணிமொழி பேனாவை எடுத்துவிட்டு, படத்தை அப்படியே மூடினாள்.